நீ இருக்கியே

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சிறுகதையோடு 'எதிர்நீச்சல்' சீரியலையும் சேர்த்து வகுப்பில் நடத்தியது சரி என்றே இன்னமும் நினைக்கிறேன். 2022 முதல் 2024 வரை சன் டிவியில் ஓடிய சீரியல். அதில் வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனின் 'இந்தாம்மா ஏய்' எந்த மாணவருக்கும் விளக்கத் தேவையில்லாதது. அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்துவின் அதட்டலுக்குச் சிரித்துப் பழகியவர்கள், கதையில் வரும் ராஜஸ்தான் வீட்டு மாமனார் பாப்பாஜி அதட்டாமலே அதைச் சாதிப்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். சமையலறைத் தாழ்வாரத்தை அகலப்படுத்தலாம் என்று மருமகள் மீனாட்சி சொல்கிறாள். அங்கே துணிக்கொடி கட்டப்படுகிறது, அங்கிருந்து தெரிந்த மலை மறைந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

மாமியார் ஜீஜிக்குச் சமையலறைதான் அதிகாரம், அதற்காகத்தான் பூசல். குணசேகரன் வீட்டு மருமகள்களுக்கோ அதே அடுப்படிதான் கூடிப் பேசும் இடம். இதைக் கவனித்தவள் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி. சொல்லிவிட்டு, "ஆனா மிஸ், சீரியல்ல நாலு பேர் இருக்காங்க. எங்க வீட்ல அம்மா மட்டும்தான்" என்றாள்.

"நீ இருக்கியே" என்றேன்.

"நான் கல்யாணம் ஆகிப் போயிடுவேனே, மிஸ்."

நான் நினைத்துச் சொன்னது எனக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கும் ஜீஜியின் பக்கத்தில் மீனாட்சி உட்கார்ந்து பேசுகிறாளே, அப்படி அம்மாவிடம் பேச ஒரு ஆள். அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? 'பொம்பளப் புள்ள நீ இருக்கியே, கூடமாட ஒத்தாசை பண்ணக் கூடாதா' என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்பாள். அந்த வரிசையில் நானும் நின்றுவிட்டேனா? இல்லை, கல்யாணத்தோடு அம்மாவுக்கும் தனக்கும் பேச்சு முடிந்துவிடும் என்று ஒரு பெண் இவ்வளவு உறுதியாக நம்புவதை வெளியே கொண்டுவந்ததே அந்த வாக்கியம்தானே என்று எனக்கு நானே வாதாடுகிறேன்.

உடனே அவளுக்கு ஒரு தம்பி இருப்பது நினைவுக்கு வருகிறது. அவள் கணக்கில் அவனும் அப்பாவும் இல்லை, நானும் சேர்க்கவில்லை. அடுப்படிப் பக்கமே வராதவர்களை இருப்பதாக எப்படிச் சொல்வது? இருக்கிற ஒரே ஆளைத்தானே காட்டினேன்? இந்தச் சமாதானம் பகலில் போதுமானதாக இருக்கிறது.

தேர்வில் ஜீஜியையும் நான்கு மருமகள்களையும் ஒப்பிட்டு நன்றாகவே எழுதியிருந்தாள். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லைதான். நான் தேடினேன்.

இந்தப் பருவத்திலும் இரண்டையும் சேர்த்தே நடத்துகிறேன். அடுப்படியில் அம்மாவோடு யார் பேசுகிறார்கள் என்று முதலில் பையன்களைக் கேட்டேன். "அக்கா இருக்கா மிஸ்" என்றான் ஒருவன். "நீ?" என்றேன். அவன் யோசிப்பதற்குள் பின்வரிசைப் பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்று கதைக்குள் போகவே நேரமில்லை.