மாமாவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள்
வெள்ளத் தண்ணீருக்குள் இறங்கி வீட்டைத் துப்புரவு செய்த மாமாவுக்கு எலிக்காய்ச்சல். மூன்றாம் நாள் ஐசியூவில் எட்டிப் பார்த்தால் மனுசனைக் குப்புறப் போட்டிருக்கிறார்கள், முகம் ஒரு பக்கம் வீங்கி, வாயில் குழாய். மாமி அங்கேயே அழத் தொடங்கிவிட்டா.

அப்புறம் டொக்டர் பிள்ளை பொறுமையாகச் சொன்னா. கிருமியோடு சண்டை பிடிக்கிற அழற்சியே நுரையீரலின் சின்னக் காற்றுப்பைகளின் சுவரைக் கெடுத்து, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பைகள் நிரம்பிவிட்டதாம், அதுதான் ஒட்சிசன் எவ்வளவு கொடுத்தாலும் இரத்தத்தில் போதியளவு ஏறவில்லை. மல்லாந்து கிடந்தால் முதுகுப் பக்கம் அமுங்கும், குப்புறப் போட்டால் விரியும். 2013இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், கடுமையான நோயாளிகளைத் தினமும் 16 மணித்தியாலமாவது இப்படி வைத்தபோது இறப்பு ஏறக்குறையப் பாதியாகியிருக்கிறது. மூச்சு கொடுக்கிற மெசினும் மெதுவாகத்தான் ஊத வேண்டும், ஒரு மூச்சுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 மில்லிலீட்டர் அளவில், கூடினால் மிச்ச நுரையீரலும் காயப்படும்.

காய்ச்சலுக்கு மருந்து ஏறுகிறது, ஆனால் நுரையீரல் தானாக ஆறும்வரை தாங்கிப் பிடிக்கத்தான் வேண்டுமாம். வெள்ளத்தில் கால் வைத்தவர்கள், காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் இறங்கினதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கோ.

இன்று காலை மெசின் கொடுக்கிற ஒட்சிசனை 80 சதவீதத்திலிருந்து 50க்கு இறக்கியிருக்கிறார்கள். மாமி ஒரு வாய் தேத்தண்ணி குடித்தா.