நாகத் தகடும் ஜாம் போத்தல் விளக்கும்

1993இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த எங்களுக்கு ரோர்ச்சுக்குப் போடும் பற்றி (மின்கலம்) என்பது கண்ணில் காணக் கிடைக்காத சாமான். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றியும் குடாநாட்டுக்குள் வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியில் செய்தி கேட்போம், ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்போம். அந்த நாட்களில்தான் இரசாயனவியல் மாஸ்டர் எங்களுக்கு மின்னிரசாயனக் கலம், அதாவது இரசாயனத் தாக்கத்தால் மின் தரும் கலம், படிப்பித்தார்.

செத்த ரோர்ச் பற்றி ஒன்றைப் பிளந்து, அதன் நாகக் (துத்தநாகக்) கோதை விரித்து, அரத்தாளால் மினுங்கத் தேய்த்து நாகசல்பேற்றுக் கரைசலில் வைத்தார். பக்கத்து முகவையில் செப்புசல்பேற்று, அதற்குள் செப்புக் கம்பி. பொற்றாசியம் நைத்திரேற்றில் நனைத்த வடிதாள்தான் இரண்டு கரைசலையும் இணைக்கும் உப்புப் பாலம். வோல்ற்றுமானி முள் 1.1க்குச் சற்றுக் கீழே நின்றது. மானியே கொஞ்சம் மின்னோட்டம் இழுப்பதால் வந்த குறைவு அது என்றும், கணக்குக்கு மின்னோட்டம் ஓடாதபோதுள்ள நியமப் பெறுமானம் 1.10ஐ எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சரி, கணக்கு சுலபம். ஒரு நாக அணு விடும் இலத்திரன் 2, பரடே மாறிலி (ஒரு மூல் இலத்திரனின் ஏற்றம்) 96,500, வோல்ற்று 1.10. மூன்றையும் பெருக்கி முன்னால் மறைக்குறி போட்டால் கிப்ஸ் சக்தி (தாக்கத்திலிருந்து மின் வேலையாக எடுக்கக்கூடிய சக்தி) மாற்றம், மூலுக்கு −212 கிலோயூல். மறைப் பெறுமானம், ஆகவே தாக்கம் தானாக நடக்கும் என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினோம்.

மாஸ்டர் விடவில்லை. "தம்பியவை, ஒரு மூல் நாகம் 65 கிராம். அதில 5 வாற்று பல்ப் எவ்வளவு நேரம் எரியும்?"

212,300ஐ ஐந்தால் பிரித்தோம். 42,460 செக்கன். கிட்டத்தட்ட 12 மணித்தியாலம்! ஒரு இரவு முழுக்கப் படிக்கலாம். வகுப்பே அமைதியாகிவிட்டது. அதே நாகத்தை நேரே செப்புசல்பேற்றுக்குள் போட்டால் கரைசல் சூடாகும், வெளிச்சம் ஒரு பொட்டும் வராது என்றார். இலத்திரனைக் கம்பி வழியே சுற்றிவர வைத்தால்தான் அந்தச் சக்தி வேலை செய்யும். கிப்ஸ் சக்தி என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

"தகட்டைப் பாதியாக வெட்டினால் எத்தனை வோல்ற்று?" என்று அப்புறம் கேட்டார். நான் உட்படப் பாதிப் பேர் 0.55 என்றோம். கத்தரிக்கோலால் வெட்டித் திரும்ப வைத்தார். முள் பழைய இடத்திலேயே நின்றது.

"வோல்ற்று குறையாது. விளக்குத்தான் ஆறு மணித்தியாலத்தில நூரும்" என்றார்.