720

பரணில் வேறு எதையோ தேடப் போய், அப்பாவின் டிரான்சிஸ்டர் கையில் சிக்கியது. தோலுறையில் இன்னும் மூக்குப்பொடி வாசம்.

முள் 720-லேயே நிற்கிறது. சென்னை வானொலி, மத்திய அலை.

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் வீட்டில் அதன் ஆட்சிதான். வர்ணனையாளர்கள் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் குரல்கள் வந்தால் பாட்டிகூட வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிடுவாள்.

செட்டை ஒரே கோணத்தில்தான் வைக்க வேண்டும். உள்ளே கிடக்கும் ஃபெரைட் கம்பிதான் ஆன்டெனா. அதன் நுனி நிலையத்தைப் பார்த்தால் குரல் அமுங்கிவிடும். இதெல்லாம் பின்னால் படித்தது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் விக்கெட் விழும் என்பது அப்பாவின் கணக்கு.

1986 செப்டம்பர் 22. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட், கடைசி ஓவர். இந்தியாவுக்கு ஒரு ரன் போதும், கையில் ஒரே விக்கெட். மேத்யூஸின் ஐந்தாவது பந்து, மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. ஸ்கோர் சமம்; டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை.

சரியாக அந்த நேரம் எதிர்வீட்டில் மிக்ஸி போட்டார்கள். ஒரே கரகரப்பு. அப்பா செட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

காதால் மட்டுமே பார்த்த மைதானம் அது. அப்புறம் நேரில் போனபோது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

இன்று புது பேட்டரி போட்டேன். கரகரவென்றது.

பக்கத்து ஃப்ளாட்டில் சட்னி அரைக்கிறார்கள் போல.