நள்ளிரவு கிரானுக்கு விடை

தரமணியில் எங்கள் டீம் பார்த்துக்கொள்ளும் சர்வருக்கு ஒரே வேலை: வாடிக்கையாளர்களின் இணையதளத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ்களைக் காலாவதிக்கு முன் புதுப்பிப்பது. எல்லாம் நள்ளிரவு கிரானில், அதாவது குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் வசதியில், ஒரேயடியாக ஓடியதால் டேட்டாபேஸ் திணறும். பெரிய சர்வர் வாங்கலாம் என்றார்கள், எனக்கு உடன்பாடில்லை. நெரிசல்தான் பிரச்சினை.

இப்போது ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனி நேரம், கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்துப் போட்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஒரு டேபிளில் இருக்கிறது. புதுப்பிக்கும் வேலையைச் செய்யும் புரோகிராம்களான வொர்க்கர்கள், நேரம் வந்த ரோக்களை 'ஸ்கிப் லாக்ட்' போட்டு எடுக்கின்றன. ஒன்று பூட்டிய ரோவை மற்றது காத்திருக்காமல் தாண்டிப் போகும். எடுத்ததும் 'பத்து நிமிடம் என்னுடையது' என்று குறித்துவிட்டுப் பூட்டை உடனே விட்டுவிடும். சான்றிதழ் வழங்குபவரின் பதிலுக்காகப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவே கூடாது. வேலை கூடினால் வொர்க்கரைக் கூட்டினால் சரி.

2029 மார்ச் 15 முதல் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 47 நாள்தான். அதற்குள் ஏஆர்ஐ வசதியையும் சேர்த்துவிட வேண்டும். அதன் வழியாக, எப்போது புதுப்பிக்கலாம் என்று வழங்குபவரே சொல்லிவிடுவார்.