சோறு போடுறவங்க கை தூக்குங்க

பள்ளிக்கூடத்தில் நாயைப் பற்றிப் பேசப் போனால் நான் முதலில் கேட்பது, "யார் வீட்ல நாய் வளர்க்கிறீங்க?" ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் எழும். அடுத்து, "நாய்க்குச் சோறு போடுறவங்க யாரு?" என்று கேட்பேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே போகும். சிலர் இரண்டு கையையும் தூக்குவார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் 'மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா'. என் வேலையில் பெரும்பகுதி பசுவுக்கும் ஆட்டுக்கும்தான். கோமாரி ஊசி, சினை ஊசி, ஆட்டுக்கொல்லி நோய், இரவில் கன்று சிக்கிக்கொண்ட பசு. நாய் எங்கள் பதிவேட்டில் கடைசிப் பக்கங்களில் வரும். ஆனால் என் வேலையில் ஒரு மனித உயிரோடு நேராக முட்டிக்கொண்டு நிற்பது அந்தக் கடைசிப் பக்கம்தான். அதனால் ஜூலை 6ஆம் தேதி விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28ஆம் தேதி வெறிநோய் (ரேபிஸ்) தினத்தையும் சாக்காக வைத்துக்கொண்டு பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினேன்.

கை தூக்கும் அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் இருக்கிற நாய்களைத்தான் யாரும் ஊசிக்குக் கூட்டி வருவதில்லை. காலையில் ஒரு வீட்டில் பழைய சோறு, மதியம் இன்னொரு வீட்டில் மீன் முள், இரவில் டீக்கடை வாசலில் படுக்கை. அதைத் தெருநாய் என்று சொன்னால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். "தெரு நாய் இல்ல மிஸ், அது எங்க மணி." சரி, மணிக்கு ஊசி போட்டாயா? "அது எங்க வூட்டு நாய் இல்லயே மிஸ்."

இந்தப் பதிலை எத்தனை ஊரில் கேட்டாலும் எனக்கு அலுக்காது. பொறுப்பாக நாய் வளர்ப்பது எப்படி என்று அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் கழுத்துப்பட்டை, சங்கிலி, உரிமம் என்று நகரத்து வீட்டை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் கேட்கத் தகுதியானவர்கள் அந்தச் சில கைகள் மட்டும்தான். எனவே நான் பேச்சையே மாற்றிக்கொண்டேன்: சோறு போடுகிறவர்கள்தான் நாய்க்குச் சொந்தக்காரர்கள். மூன்று பேர் போட்டால் மூன்று பேருக்கும் சொந்தம். முகாம் அன்றைக்கு அந்த மூன்று வீட்டில் ஒரு பெரியவர் வந்து நாயைப் பிடித்துக்கொண்டால் போதும். பிள்ளைகள் நாயை இழுத்து வரக் கூடாது என்பதைப் பலமுறை சொல்லிவிடுவேன். ஊசி குத்தும்போது அருகில் இருக்கிற சின்னக் கையைத்தான் நாய் திரும்பிக் கவ்வும்.

ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் நாய்க்கு நாய் பரவுவது அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வீட்டு நாய்களை மட்டும் பிடித்தால் அந்த அளவை எங்கள் ஊரில் எட்டவே முடியாது. மணியும் கருப்பனும் வந்தாக வேண்டும். பெயர் வைத்த நாய் என்றால் ஊசி போடுவது பாதி சுலபம் என்பது அனுபவத்தில் கண்டது. கூப்பிட்டால் வரும், தட்டிக்கொடுத்தால் நிற்கும். அதனால் வகுப்பில் தெருவாரியாக நாய்ப் பெயர்களைச் சொல்லச் சொல்வேன். கரும்பலகை நிரம்பிவிடும். அந்தப் பட்டியலைத்தான் முகாமுக்கு எடுத்துப்போகிறேன். துறை கொடுக்கும் எந்தப் படிவத்தைவிடவும் அது துல்லியமானது.

இந்த இடத்தில் கோவிவன் கதையையும் சொல்வேன். எங்கள் மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல் அது. பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது, சுமார் 1,400 ஆண்டுப் பழையது. கால்நடைகளைக் கவர நடந்த சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் செத்துப்போகிறான். அவனுடைய நாய் கோவிவன் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வீரனோடு நாயின் உருவமும் உண்டு. பாடத்துக்கு இது தேவையா என்றால் தேவையில்லைதான். ஆனால் அதைக் கேட்டபின் கரும்பலகைப் பட்டியலுக்கு வரும் பெயர்கள் இரண்டு மடங்காகும்.

கடியைப் பற்றிய பேச்சுதான் கடினம். தொடக்கத்தில் அதைக் கிருமி, அறிகுறி, சிகிச்சை என்ற வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து நான் வண்டியை எடுக்கும்போது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி ஆடுசதையைக் காட்டினாள். பல் பட்ட இரண்டு புள்ளிகள், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி விளையாடியபோது பட்டதாம். நாலு நாள் ஆகியிருந்தது.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல மிஸ். குட்டியத் தூக்காதன்னு சொல்லியிருந்தாங்க. சொன்னா அடிப்பாங்க."

தலைமையாசிரியையும் நானும் அவளோடு வீட்டுக்குப் போய், அங்கிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நாலு நாள் ஆனாலும் ஊசி போடலாம்; நாள் கடந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. குட்டிதானே என்றும் விடக் கூடாது, குட்டிக்கும் வெறிநோய் வரும். கிருமி புகுந்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். முகத்திலோ கையிலோ கடித்தால் இன்னும் சீக்கிரம். அது மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் தடுப்பூசி வேலை செய்துவிட வேண்டும். சேர்ந்து அறிகுறி தெரிந்துவிட்டால் அதன்பின் மருத்துவம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

அன்றிலிருந்து வகுப்பைக் கடியிலிருந்து அல்ல, சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். நாய் கடித்தாலும் பிறாண்டினாலும், இருக்கிற புண்ணை நக்கினாலும் அன்றைக்கே யாராவது ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். அம்மாவிடம் பயமா, பாட்டியிடம் சொல். பாட்டியிடமும் பயமா, டீச்சரிடம் சொல். வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, "உனக்கு யாரு?" என்று கேட்பேன். சித்தப்பா, ஆயா, பெரியக்கா, எதிர்வீட்டு அத்தை என்று பெயர்கள் வரும். பெயர் சொல்லத் தெரியாமல் நிற்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளை ஆசிரியர் கவனித்து வைத்துக்கொள்வார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் நான் வைக்கும் வேண்டுகோளும் ஒன்றே: நாய் கடித்தது என்று வந்து நிற்கிற பிள்ளையை அன்றைக்கு அடிக்காதீர்கள். வேண்டுமானால் ஊசி எல்லாம் முடிந்த பிறகு திட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சிரிப்பு வரும். சிரித்தால் நல்லது, நினைவிருக்கும்.

சொல்லாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டாலே எங்கள் தாத்தா தலைமுறை வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் அந்த மருந்தை 2004ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதன் வலி கதையாகப் பேரப்பிள்ளைகள் வரை இறங்கியிருக்கிறது. இப்போது அரசு மருத்துவமனையில் கையில் தோலுக்குள்ளேயே போடுகிறார்கள்: முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் உண்டு. மூன்றாவது ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் நிறைய. 28ஆம் நாள் என்பது கிராமத்தில் மறந்துபோகிற தூரம். அதைப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்து அட்டையில் எழுதச் சொல்கிறேன்.

1885 ஜூலை 6ஆம் தேதி பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டியர் தன் வெறிநோய் மருந்தை முதலில் போட்டுப் பார்த்தது ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். "அவன் செத்துட்டானா மிஸ்?" சாகவில்லை, வளர்ந்து பாரிஸில் பாஸ்டியர் நிறுவனத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான் என்று சொல்வேன். கைதட்டல் வரும்.

காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்வது எளிது. பள்ளிக் குழாயடியில் நாலு பேரை நிற்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவச் சொன்னால்தான் தெரியும், 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று. மூன்றாவது நிமிடத்தில், "போதுமா மிஸ்?" ஏழாவது நிமிடத்தில் ஒருவன் பாட்டுப் பாடத் தொடங்கிவிடுவான். அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும் என்ற விளக்கத்தை அப்போது சொன்னால் நிற்கும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் வைப்பதை அவர்களே சொல்லி அவர்களே சிரிப்பார்கள். வீட்டில் வைக்கும்போது சிரிப்பார்களா, தெரியாது.

வகுப்புக்குப் பழக்கிய நாய் ஒன்றைக் கொண்டுவரலாமே என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. சாதுவான நாயை ஐம்பது பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால், நாய் என்றாலே தொடலாம் என்பதுதான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் பாடம். அந்த நாய்க்கும் அது தண்டனை. ஆகவே பையன் ஒருவனையே நாயாக்குவேன். அவன் சோறு தின்கிறான், தூங்குகிறான், குட்டிக்குப் பால் கொடுக்கிறான், சங்கிலியில் கிடக்கிறான். இந்த நாலு நேரத்திலும் கிட்டே போகாதே. வாலை ஒடுக்கி, காதைப் பின்னுக்குத் தள்ளி, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தால் அது, "என்னை விட்டுவிடு" என்கிறது. வாலாட்டினாலும் உடம்பு விறைத்து நின்றால் நட்பு இல்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று யாராவது ஆரம்பிப்பான். என்னிடம் வந்த கடிபட்ட ஆடுகளைப் பற்றிச் சொல்லி அதை முடித்துவைப்பேன்.

துரத்தி வந்தால் ஓடாதே என்பதைப் பிள்ளைகளின் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. அதற்கு அவர்கள் விளையாட்டே உதவியது. 'ஸ்டாச்சூ' சொன்னால் அப்படியே நிற்க வேண்டும் அல்லவா, அதேதான். கையை மடக்கி, காலைப் பார்த்து, சத்தம் போடாமல் நில். நாய்க்கு சலித்துப்போகும், மோந்துவிட்டுப் போகும். கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, கையால் கழுத்தையும் காதையும் மூடு. சைக்கிளில் போனால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொள். மைதானத்தில் அரை மணி நேரம் 'ஸ்டாச்சூ' ஆடுவோம். வகுப்பறையில் பேசிய எல்லாவற்றையும்விட அதுதான் தங்கும் என்று நினைக்கிறேன்.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்த செய்திக்குப் பிறகு எல்லா வகுப்பிலும் அதைப் பற்றிய கேள்வி வந்தது. ராட்வைலரை நேரில் பார்த்திராத பிள்ளைகள் அதற்குப் பயந்தார்கள். கூடவே படுத்துத் தூங்கும் மணிக்குப் பயமில்லை. சிறுவர்களைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான் என்றேன். சிலருக்குக் கோபம் வந்தது.

குட்டிகளைப் பற்றிப் பேசும்போதும் கூடம் கனத்துவிடும். கடுவன் குட்டியை வைத்துக்கொண்டு பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவரும் வழக்கம் இங்கே உண்டு. "பொட்டைன்னா மட்டும் ஏன் மிஸ் வுட்டுட்டு வர்றாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். கருத்தடை அறுவை சிகிச்சையைப் பற்றி, மூன்று மாதத்தில் போடும் முதல் வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி, தாயிடமிருந்து குட்டியைச் சீக்கிரம் பிரிக்கக் கூடாது என்பதைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து எனக்குத் தொடர்ந்து அழைப்புகள். வந்து பிடித்துப் போங்கள் என்று. ஒரு பள்ளிக்குப் போனேன். மதில் ஓரம் ஐந்தாறு நாய்கள், பிற்பகல் ஒரு மணிக்குச் சரியாக வந்து சேர்ந்திருந்தன. சத்துணவுக் கூடத்துப் பின்புறம் மிச்சச் சோறும் முட்டை ஓடும் கொட்டுகிற இடம் அது.

சத்துணவு ஆயாவிடம் போய்ப் பேசினேன். "பாவம்மா, வாயில்லா ஜீவன்" என்றார். பாவம்தான் ஆயா, ஆனால் பிள்ளைகள் தட்டோடு நடக்கும் வழியில் வேண்டாம் என்றேன். "அப்போ மிச்சத்த எங்க கொட்டறது, நீயே சொல்லு." தலைமையாசிரியர், ஊராட்சிச் செயலர், ஆயா, நான் நால்வரும் நின்று பேசினோம். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்குவது, பள்ளி விட்ட பிறகு அதை ஊர்ச் சாவடிக்குப் பின்னால் ஒரே இடத்தில் கொட்டுவது, அந்த இடத்துக்கு வரும் நாய்களுக்கு அடுத்த வாரம் நான் வந்து ஊசி போடுவது என்று முடிவானது. டிரம் யார் பணத்தில் என்பதில் மட்டும் கொஞ்சம் நேரம் போனது. கடைசியில் ஊராட்சிச் செயலர் ஒத்துக்கொண்டார். ஊசி போடும்போது நாய்களைப் பிடிக்க யார் வருவது என்று கேட்டேன்.

"நான்தான் வரணும், வேற யாருகிட்ட நிக்கும் அதுங்க?" என்றார் ஆயா. பதிவேட்டில் உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் அத்தனை நாய்களுக்கும் அவர் பெயரையே எழுதிக்கொண்டேன்.