நாடு மாறியதும் வயிறு ஏன் சுருட்டிப் பிடிக்கிறது?

புது நாட்டில் சாப்பிட்டதும் வயிறு சுருட்டிப் பிடித்தால் முதல் பழி தண்ணீர் மேல்தான் விழும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடிய ஊரிலும் இந்தப் பேச்சு ஓயாது. உண்மையில் பலருக்கு மாறியிருப்பது சாப்பிடும் நேரமும் அளவும்.

காலையில் வெறும் காப்பி, மதியம் வேலைக்கு நடுவே பத்தே நிமிடத்தில் அள்ளிப் போடுவது, இரவு அகோரப் பசியில் நாள் முழுவதற்குமான சாப்பாடு. இரைப்பை விரிந்தவுடன் பெருங்குடல் சுருங்கத் தொடங்குவது இயல்பு. தட்டில் அளவும் எண்ணெயும் கூடக்கூட அந்தச் சுருக்கமும் பலமாகும். அவசரத்தில் விழுங்கிய காற்று வேறு சேரும். இரவுச் சாப்பாட்டில் பாதியை மாலைக்குத் தள்ளி, மீதியைப் படுக்க 3 மணி நேரம் முன்பே முடித்துப் பாருங்கள்.

அடுத்தது பால். அதிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி, வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடும். 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஒரே வேளையில் அந்த அளவை அநேகர் தாங்குவார்கள். ஊரில் காப்பிக்குக் கொஞ்சம் பால் விட்டுக் குடித்தவர், இங்கே பால் ஊற்றிய ஒரு கிண்ணம் தானியச் சீரியலும் பால் நிறைந்த பெரிய கப் லாட்டே காப்பியும் சேர்த்து எடுக்கும்போதுதான் சிக்கல். அரை மணியிலிருந்து 2 மணி நேரத்துக்குள் உப்புசமும் பிடிப்பும் வந்தால் பால்மீது சந்தேகப்படலாம். 2 வாரம் நிறுத்திவிட்டு, அரை கப்பிலிருந்து திரும்ப ஆரம்பித்தால் உங்கள் எல்லை தெரிந்துவிடும். தயிரும் கெட்டிச் சீஸும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.

உடம்புக்கு நல்லது என்று திடீரென முழுதானிய ரொட்டிக்கும் டின் பீன்ஸுக்கும் தாவுவதும் வினைதான். குடல் பாக்டீரியா அவற்றிலுள்ள நார்ச்சத்தை நொதிக்க வைத்து வாயு கிளப்பும். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்; டின் தண்ணீரைக் கொட்டி பீன்ஸைக் கழுவிப் போடுங்கள். சர்க்கரையில்லாச் சூயிங்கம்மை நாள் முழுக்க மெல்பவர் அட்டையில் சார்பிட்டால் என்ற, வாயு கிளப்பும் இனிப்பூட்டியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

எல்லாவற்றுக்கும் ‘கேஸ்’ என்று நாமே தீர்ப்பு எழுதுவது மட்டும் வேண்டாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே மணிக்கணக்கில் வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி நிலைத்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவு. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், வலி எப்போது எங்கே வந்தது என்ற குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். புது மொழியில் வலியை விளக்கத் தடுமாறும்போது அந்தத் தாள் உதவும்.