பம்ப்பைக் கழற்றிய பிறகு பறக்கும் தூசி

தொழில்சார், சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு எப்படி இருக்கும் என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். பாடத்திட்டத்தைப் பார்த்தால் நச்சியல், நோய்ப்பரவலியல், இரைச்சல், கதிர்வீச்சு, சட்டம், நிறைய புள்ளியியல். எல்லாம் தேவைதான், உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். படித்து வராத விஷயம் ஒன்று உண்டு. எதை, யார் மேல், எந்த நேரத்தில் அளக்கப் போகிறோம் என்ற முடிவு. என் அனுபவத்தில் இந்தத் துறையின் பாதி வேலை அதுதான், வகுப்பில் அதற்குக் கிடைத்ததோ ஒரே ஒரு பாடவேளை.

எங்கள் குழுவுக்குக் களப்பயிற்சி கொடுத்தது ஒரு கல் அறுக்கும் பட்டறை. தொழிலாளியின் இடுப்பு பெல்ட்டில் காற்றை இழுக்கும் ஒரு சின்ன பம்ப், அதிலிருந்து ஒரு குழாய், காலருக்குப் பக்கத்தில் வடிதாள் வைத்த சைக்ளோன். பெரிய துகள்களைச் சுழற்றித் தள்ளிவிட்டு, நுரையீரலின் அடிவரை போகக்கூடிய நுண்துகளை மட்டும் வடிதாளுக்கு விடுவது அந்த சைக்ளோனின் வேலை. பம்ப்பின் ஓட்டத்தை மாட்டும் முன்பும் கழற்றிய பின்பும் சரிபார்க்க வேண்டும், இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதில் எடுத்த காற்று மாதிரி செல்லாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் அதையெல்லாம் ஒழுங்காகவே செய்தோம். கல்லூரி வண்டி ஷிஃப்ட் முடிவதற்கு அரை மணி முன்னால் கிளம்பும், அதனால் பம்ப்புகளும் அப்போதே கழற்றப்படும்.

கழற்றும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நீங்க போன பிறகுதான் இங்க தூசியே பறக்கும்" என்றார். ஷிஃப்ட் முடிவில் கம்ப்ரஸர் காற்றால் தரையையும் மெஷினையும் கடைசியாக உடம்பில் போட்டிருக்கும் சட்டையையும் ஊதிச் சுத்தம் செய்வார்களாம். பகல் முழுக்கத் தண்ணீர் விட்டு அறுப்பதால் அடங்கிக் கிடக்கும் தூசி, காய்ந்த பிறகு அந்த நேரத்தில் எழும்பும்.

இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிப்படி, கல் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்காவுக்கு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம், அதுவும் 8 மணி நேர சராசரியாக. ஒரு கணக்குக்கு ஏழரை மணி நேரம் 30 மைக்ரோகிராம், கடைசி அரை மணி 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 65-ஐத் தாண்டிவிடும். அந்த அரை மணியை விட்டால் 30, வரம்புக்குள், எல்லாருக்கும் நிம்மதி. எங்கள் மேடம் விஷயத்தைக் கேட்டதும் வண்டி நேரத்தை மாற்றச் சொல்லிவிட்டு, அடுத்த முறை கடைசி ஆள் கிளம்பும்வரை எங்களோடு அங்கேயே நின்றார்.

தொழிலாளிக்கு முதலில் தெரிந்துவிடுவது இந்தத் துறையில் புதிதல்ல. 1977-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் வேலை செய்த ஆண்கள், தங்களில் பலருக்குக் குழந்தை இல்லையே என்று பேசிக்கொள்ளப் போய்த்தான் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி விந்தணுவை அழிப்பது வெளியே வந்தது (நூற்புழு என்பது பயிரின் வேரைத் தின்னும் புழு). விலங்குகளின் விரைகளை அது பாதிக்கிறது என்று 1961-லேயே அச்சில் வந்திருந்தது, அதுதான் கொடுமை. அப்புறம் அதே பொருள் வயல்களிலிருந்து இறங்கி நிலத்தடி நீரிலும் கிடைத்தது. தொழில்சார் சுகாதாரத்தையும் சுற்றுச்சூழல் சுகாதாரத்தையும் ஏன் ஒரே பட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

புள்ளியியல் வகுப்பில் கற்ற ஒன்று மட்டும் களத்தில் உடனே புரிந்தது. பட்டறையில் எல்லாரும் திடமாகத்தான் இருந்தார்கள், மூச்சுப் பரிசோதனையும் பரவாயில்லை. முடியாதவர்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள், நம் பட்டியலில் அவர்கள் பெயரே இருக்காது. சிலிக்கா தூசியால் நுரையீரலில் வரும் சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக வரும் நோய் என்பதால், இன்று வேலையில் இருப்பவர்களை மட்டும் பார்த்து ஆபத்தில்லை என்று எழுதுவது ஏமாற்று வேலை.

அறிக்கை எழுதுவது தனிக் கஷ்டம். முதலாளி கேட்டது, "எல்லாருக்கும் நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் போதாதா?" போதாது. மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும், வெக்கையில் யாரும் நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஊதுவதை நிறுத்திவிட்டு நுண்துகள் வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனர், ஈரத் துடைப்பு, அறுக்கும் இடத்திலேயே தூசியை இழுக்கும் குழாய், இந்த வரிசையில் எழுதிக் கடைசியில்தான் மாஸ்க்கைச் சேர்த்தோம். அறிக்கையின் ஒரு நகல் தொழிலாளர்களுக்கும் போகுமா என்பதில் மேடத்துக்கும் முதலாளிக்கும் நடந்த வாக்குவாதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது. எண்கள் தொழிலாளர்கள் உடம்பைப் பற்றியவை என்று சொல்லி மேடம் விடாப்பிடியாக நின்று, கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வைத்தார்.

இந்தப் படிப்புக்கு இடம் தேடுபவர்கள், ஆய்வகத்தில் என்னென்ன கருவி இருக்கிறது என்று விசாரிப்பதோடு, களப்பயிற்சியில் ஆசிரியர் கூடவே வருவாரா, மாலை ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் பார்க்க விடுவார்களா என்றும் பழைய மாணவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.